பழைய மகிழுந்தைப் பிள்ளைகளோடு பராமரிப்போம்



"ஒழுங்காகப் படிக்காவிட்டால் பட்டறையில்தான் போய் நிற்பாய்!" நம் வீடுகளிலும், ஏன், நம் வகுப்பறைகளிலும்கூட அடிக்கடி ஒலிக்கின்ற மிரட்டல் இது. இப்படிச் சொல்லிவிட்டு, அதே வாரத்தில் நம் பழைய மகிழுந்தை அதே பட்டறையில் கொண்டுபோய் நிறுத்தி, "எப்படியாவது இன்றைக்குள் செய்து கொடுங்கள்" என்று கெஞ்சுகிறோம். இந்த முரண்பாட்டைப் பற்றித்தான் இங்கே எழுத விரும்புகிறேன். வீட்டில் ஒரு பழைய மகிழுந்து இருந்தால், அதன் எளிய பராமரிப்புப் பணிகளைப் பெற்றோர்கள் தம் பிள்ளைகளோடு சேர்ந்து செய்ய வேண்டும் என்பது என் கருத்து. பணத்தை மிச்சப்படுத்துவதற்காக மட்டும் நான் இதைச் சொல்லவில்லை.

நம் தமிழ்ப்பள்ளிகளின் வாயிலில் காலையில் வந்து நிற்கும் வாகனங்களைச் சற்று கவனித்துப் பாருங்கள். புரோட்டோன் சாகா 1985-ஆம் ஆண்டில் வெளிவந்தது. பெரோடுவா கஞ்சில் 1994-இல் வந்து, 2009-இல் உற்பத்தி நிறுத்தப்பட்டது. கடைசியாக வந்த கஞ்சிலுக்கே இப்பொழுது 15 வயதுக்கு மேல் ஆகிவிட்டது. இவற்றை நம்பித்தான் பல குடும்பங்கள் தோட்டப்புறத்திலிருந்தும் தாமானிலிருந்தும் பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்து வருகின்றன. வண்டி ஒருநாள் கிளம்பாவிட்டால் அப்பாவின் வேலை போகிறது. மூன்று பிள்ளைகளின் பாடமும் போகிறது.

சிங்கப்பூரில் இருக்கும் நண்பர்களுக்கு இது வியப்பாக இருக்கலாம். அங்கே 1990 முதல் வாகன உரிமைச் சான்றிதழ் முறை நடப்பில் இருக்கிறது. அது 10 ஆண்டுக்குத்தான் செல்லும். அதற்குமேல் வைத்திருக்க மீண்டும் பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். மலேசியாவிலோ 2009-ஆம் ஆண்டு அக்டோபரில், 15 ஆண்டைக் கடந்த வாகனங்களைச் சோதித்த பிறகே சாலை வரியைப் புதுப்பிக்க முடியும் என்று அரசாங்கம் அறிவித்தது. மக்கள் எதிர்ப்பு எழவே சில நாள்களில் அதனை மீட்டுக்கொண்டது. எளிய மக்களுக்கு அது நல்ல முடிவுதான். ஆனால், அந்த முடிவு ஒரு கடமையையும் நம் தலையில் வைத்துவிட்டது. சொந்தப் பயன்பாட்டு மகிழுந்துகளுக்கு இங்கே ஆண்டுச் சோதனை கட்டாயமில்லை. ஆகவே, நம் வண்டி சாலையில் ஓடத் தகுதியானதா என்று பார்க்கும் அதிகாரி நாம்தான். அந்த அதிகாரி கண்ணை மூடிக்கொண்டிருந்தால், பின்னிருக்கையில் இருக்கும் பிள்ளைகளுக்குத்தான் ஆபத்து.

வாரம் அரைமணி நேரம் போதும்

வீட்டில் செய்யக்கூடியவை எவை? வாரத்திற்கு அரைமணி நேரம் ஒதுக்கினாலே போதும். இதற்குப் பெரிய கருவிகளும் தேவையில்லை.

முதலில் எஞ்சின் எண்ணெய். நாம் பேச்சில் கறுப்பெண்ணெய் என்கிறோமே, அதுதான். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, சில நிமிடம் பொறுத்து, அளவுகோலை உருவித் துடைத்து, மீண்டும் செருகி எடுத்துப் பார்க்க வேண்டும். எண்ணெய் இரண்டு குறிகளுக்கு இடையில் இருந்தால் சரி. ஏன் துடைக்க வேண்டும், ஏன் பொறுக்க வேண்டும் என்று பிள்ளையையே சிந்திக்க விடுங்கள். ஓடிய எஞ்சினில் எண்ணெய் மேலே தெறித்திருக்கும். அது கீழே வடிந்து சேர்ந்த பிறகே உண்மையான அளவு தெரியும். எண்ணெய் பால் கலந்த தேநீர் நிறத்தில் இருந்தால் அதில் தண்ணீர் கலந்திருக்கக்கூடும். அந்த நிலையில் வண்டியை ஓட்டாமல் பட்டறைக்குச் சொல்லிவிட வேண்டும்.

அடுத்தது ரேடியேட்டர் நீர். "நம் நாட்டில் பனியா பெய்கிறது? கூலண்ட் எதற்கு? பைப்புத் தண்ணீரே போதும்" என்று சொல்வோர் உண்டு. குளிர்நாடுகளில் நீர் உறையாமல் தடுப்பது கூலண்டின் ஒரு வேலை மட்டுமே. உலோகம் துருப்பிடிக்காமல் காப்பதும், நீரின் கொதிநிலையை உயர்த்துவதும் அதன் மற்ற வேலைகள். பல ஆண்டுகளாக வெறும் குழாய்நீரை ஊற்றிய வண்டியின் ரேடியேட்டரில் சேற்று நிறத்தில் துருநீர் வடிவதைக் காணலாம். நெடுஞ்சாலையோரம் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கும் பல பழைய வண்டிகளின் கதை இதுதான். ஒன்றை மட்டும் பிள்ளைகளுக்கு அழுத்தமாகச் சொல்ல வேண்டும்: சூடான எஞ்சினின் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. உள்ளே நீர் அழுத்தத்தில் இருக்கிறது. அழுத்தம் கூடினால் கொதிநிலையும் கூடும் என்று அறிவியலில் படிக்கிறோம். மூடியைத் திறந்ததும் அழுத்தம் குறைந்து, நீர் ஒரே நொடியில் ஆவியாகிப் பீறிடும்.

மூன்றாவது டயர். அதன் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றிருந்தால் அது 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். தன் வீட்டு டயரின் வயதைக் கணக்கிடச் சொன்னால் எந்தப் பிள்ளைதான் மறுக்கும்? டயரின் பள்ளங்களுக்குள் சிறு மேடுகள் இருக்கும். தேய்மானம் அந்த மேடுகளைத் தொட்டுவிட்டால் ஆழம் 1.6 மில்லிமீட்டர்தான் மிச்சம். நம் மாலை நேர மழையில் அந்த டயரை நம்பிப் போகக்கூடாது.

நான்காவது மின்கலம், அதாவது பேட்டரி. முனையில் பூத்திருக்கும் வெண்பச்சைத் தூளை வெந்நீரும் சமையல் சோடாவும் கொண்டு அகற்றலாம். அமிலத்தைக் காரம் நடுநிலையாக்கும் பாடம் இது. கம்பியைக் கழற்றும்போது எதிர்முனையை முதலில் கழற்றி, மாட்டும்போது கடைசியில் மாட்ட வேண்டும். நேர்முனையை முதலில் கழற்றினால், ஸ்பேனர் தவறி வண்டியின் உடம்பில் பட்டவுடன் குறுக்குமின்னோட்டம் ஏற்பட்டுத் தீப்பொறி பறக்கும். மின்கலத்திலிருந்து ஹைட்ரஜன் வளி வெளியாகலாம் என்பதால் அதன் அருகே சிகரெட்டும் தீயும் ஆகா.

விளக்குகள், வைப்பர், பிரேக் எண்ணெயின் மட்டம், உதிரி டயரின் காற்று ஆகியவற்றையும் பார்த்துவிட்டால் வேலை முடிந்தது.

எல்லாவற்றையும் செய்ய முனையக்கூடாது

வீட்டிலேயே செய்யலாம் என்றவுடன் சிலருக்கு ஆர்வம் எல்லை மீறிவிடுகிறது. ஜேக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுப்பது உயிருக்கு உலை வைக்கும் செயல். தாங்கிக் கால்கள் இல்லாமல் யாரும் வண்டிக்குக் கீழே போகக்கூடாது. பிள்ளைகள் எந்நிலையிலும் கூடாது. மூடிய கொட்டகையில் எஞ்சினை ஓடவிடுவதும் ஆபத்து. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. பிரேக், எரிபொருள் குழாய், காற்றுப்பை, ஏர்கோன் வளி ஆகியவை பயிற்சி பெற்றவர்களின் வேலை. பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் கூடக்கூட அதன் கொதிநிலை குறையும். கேமரன் மலையிலிருந்து இறங்கும்போது பிரேக் சூடேறி அந்த எண்ணெய் கொதித்துவிட்டால், மிதித்தாலும் வண்டி நிற்காது. இரண்டாண்டுக்கு ஒருமுறை அதனைப் பட்டறையில் மாற்றிவிடுவது நல்லது.

கழித்த எண்ணெயைக் கால்வாயில் ஊற்றுவது பெருங்கேடு. கழிவு எண்ணெயும் பழைய ஈய மின்கலங்களும் 2005-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் ஒழுங்குமுறை விதிகளில் பட்டியலிடப்பட்ட கழிவுகள். கழிவு எண்ணெயைப் புட்டியில் அடைத்துப் பட்டறையில் கொடுத்துவிடலாம். நம் பிள்ளைகளுக்கு நன்னெறிக் கல்வியில் சொல்வதை வீட்டு வாசலில் மீறக்கூடாது அல்லவா?

தமிழுக்கும் இங்கே இடமுண்டு

ஒரு குறிப்பேட்டை வண்டியில் வையுங்கள். நாள், ஓடிய தூரம், செய்த வேலை, செலவு ஆகிய நான்கையும் பிள்ளையே தமிழில் எழுதட்டும். கண்ணுக்குத் தெரியாத டைமிங் பெல்ட் எப்பொழுது மாற்றப்பட்டது என்பதை அந்தக் குறிப்பேடுதான் சொல்லும். அது அறுந்தால் சில எஞ்சின்கள் முழுதாய்ப் பாழாகும். வண்டியை விற்றாலும் அந்தச் செலவு கட்டாது. 30 லிட்டர் நிரப்பி 390 கிலோமீட்டர் ஓடினால் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர்? இந்தக் கணக்கைப் பிள்ளை தானே போட்டு, அடுத்த மாதம் 13 என்பது 10 ஆகக் குறைந்தால், "ஏதோ கோளாறு இருக்கிறது அப்பா" என்று அதுவே சொல்லும்.

இரட்டைக்கிளவியைப் பாடநூலில் மனனம் செய்கிறார்கள். வண்டியின் ஒலியைச் சொல்ல அதைவிட நல்ல கருவி உண்டா? பிரேக் பிடித்தால் 'கிறீச்' என்கிறதா, 'கறகற' என்கிறதா? முன்னது தேய்மான எச்சரிக்கையாக இருக்கலாம். பின்னது உலோகத்தோடு உலோகம் உராய்வது. வளைவில் திரும்பும்போது மட்டும் 'டக்டக்' என்றால் முன்சக்கரத்தை இயக்கும் அச்சின் மூட்டைப் பார்க்க வேண்டும். ஒலியைச் சரியாகச் சொல்லத் தெரிந்தவரைப் பட்டறைக்காரரும் மதிக்கிறார். தேவையில்லாத பாகத்தை மாற்றும் பேச்சும் எழுவதில்லை.

சில மறுப்புகள்

"பிள்ளைக்கு நேரம் எங்கே?" என்று கேட்பீர்கள். யூபிஎஸ்ஆர் தேர்வு 2021-இல் அகற்றப்பட்டது; ஆனால், தேர்வு மனப்பான்மை நம்மிடமிருந்து அகலவில்லை. வாரத்தில் அரைமணி நேரத்தைத் தரமுடியாத அட்டவணையை நாம்தான் திருத்த வேண்டும். கேஎஸ்எஸ்ஆர் பாடத்திட்டத்தில் வடிவமைப்பும் தொழில்நுட்பமும் நான்காம் ஆண்டிலிருந்து இடம்பெற்றது. அதன் மெய்யான செய்முறைக்கூடம் வீட்டு வாசலிலேயே நிற்கிறது.

"இனி எல்லாம் மின்சார வண்டிகள், இதெல்லாம் எதற்கு?" என்பது இன்னொரு கேள்வி. மின்சார வண்டிக்கும் டயர் உண்டு, பிரேக் உண்டு, குளிர்விக்கும் நீர் உண்டு. பெரும்பாலானவற்றில் 12 வோல்ட் மின்கலமும் உண்டு. அதைவிட முக்கியமாக, காரணத்தைத் தேடிப் பழுதைக் கண்டறியும் பழக்கம் எந்தக் காலத்திலும் பழையதாகாது.

"பெண்பிள்ளைக்கு இது தேவையா?" தேவை. ஆண்பிள்ளையைவிட அதிகமாகவே தேவை என்பேன். நாளை வேலைக்குத் தனியே ஓட்டிச்செல்லப் போகிறவள் அவள். சாலையோரத்தில் நின்றால் எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது, யாரிடம் என்ன சொல்ல வேண்டும் என்பது அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கடைசி மறுப்புதான் ஆழமானது. "நாங்கள்தான் பால்மரத்தடியிலும் வெயிலிலும் கைகாய்த்துப் போனோம். எங்கள் பிள்ளைகளாவது கையில் அழுக்குப் படாமல் வாழட்டும்." இந்த ஏக்கத்தை நான் இழிவாக நினைக்கவில்லை. மூன்று தலைமுறையின் வலி அதில் இருக்கிறது. ஆனால், நம் பாட்டன்மார் துன்பப்பட்டது கையால் உழைத்ததனால் அன்று. அந்த உழைப்புக்குக் கூலியும் மதிப்பும் மறுக்கப்பட்டதனால். இன்று மலேசியத் திறன் சான்றிதழ் முதல் நிலையில் தொடங்கி, நான்காம் நிலையில் டிப்ளோமாவும் ஐந்தாம் நிலையில் உயர்நிலை டிப்ளோமாவும் வழங்கப்படுகிறது. கல்விக்கும் கைத்திறனுக்கும் இடையே நாம் எழுப்பிய சுவரை அரசாங்கமே இடித்துவிட்டது. நம் மனத்தில்தான் அது இன்னும் நிற்கிறது. எழுத்தில் பின்தங்கிய ஒரு மாணவன் பட்டறை என்றாலே தோல்வி என்று நம் வாயாலேயே கேட்டு வளர்ந்தால், தனக்கு நன்றாக வரக்கூடிய தொழிலுக்குக்கூடத் தலைகுனிந்துதான் போவான். அந்தத் தலைகுனிவை அவனுக்குக் கொடுத்தவர்கள் நாம்தாம்.

ஆசிரியர்களே, வகுப்பில் பட்டறையை மிரட்டலாகப் பயன்படுத்துவதை இன்றோடு நிறுத்துவோம். பெற்றோர்களே, வரும் சனிக்கிழமை காலையில் வண்டியின் முன்மூடியைத் திறந்து, ஒரு பழைய துணியைப் பிள்ளையின் கையில் கொடுங்கள். எண்ணெய்க் கோலை அவனோ அவளோ உருவிப் பார்க்கட்டும். பிறகு சோப்புப் போட்டுக் கைகழுவிவிட்டு வீட்டுப்பாடத்தைச் செய்யட்டும். இரண்டுமே கல்விதான்.