களமே கதை
திறந்த உலகக் கணினி விளையாட்டுகளில் களம் வெறும் பின்னணியன்று. ஆடுபவர் விரும்பிய வழியெல்லாம் நடந்து பழகும் ஊர். இடிபாடுகளாகவே காட்டப்படும் நகரில் எதிர்ப்படுவோரெல்லாம் பகைவராகவே தோன்றுவர்.

2023இல் வெளிவந்த 'அசாசின்ஸ் கிரீட் மிராஜ்' 9ஆம் நூற்றாண்டுப் பக்தாதைக் களமாகக் கொண்டது. கலீபா அல்மன்சூர் 762இல் நிறுவத் தொடங்கிய வட்டநகரும், கடைத்தெருக்களும், 'பைத்துல் ஹிக்மா' என்னும் அறிவகமும் அதில் உயிர்பெற்றுள்ளன. போர்ச்செய்திகளால் மட்டுமே பக்தாதை அறிந்த இளைஞர், அறிவு தழைத்த ஊரை அங்கே சுற்றி வருகின்றனர்.

ஆயினும் அவர்கள் ஏற்கும் வேடம் கொலையாளியுடையதே! களம் வினாவை எழுப்பும். விடையை நூலகத்தில்தான் தேடல் வேண்டும். பெரியோர் ஆட்டத்தைப் பழிப்பதை விடுத்து, அவ்வினாவுக்குச் செவிசாய்த்தல் நலம்.