தொண்டர் என்றால் துரத்திவிடலாமா?

வேலை வாங்கும்போது தொழிலாளி. வெளியே தள்ளும்போது தொண்டன். இதுதான் சர்க்காரின் கணக்கு!

2023 நவம்பர் 1 முதல், தில்லி பஸ்களில் மார்ஷலாக நின்ற சிவில் டிபன்ஸ் தொண்டர்கள் சுமார் 10,000 பேர் ஒரே உத்தரவில் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்கள் திருடினார்களா? கடமை தவறினார்களா? அப்படி எந்தக் குற்றச்சாட்டும் இல்லை. பேரிடர் வேலைக்குரியவர்களை பஸ்ஸில் நிறுத்தியது தவறாம். நிறுத்தியது யார்? சர்க்கார். தண்டனை யாருக்கு? தொண்டனுக்கு! 2024 நவம்பரில் தில்லிக் காற்று நஞ்சானதும் அதே ஆட்களை நான்கு மாதத்துக்குக் கூப்பிட்டார்கள். கறிவேப்பிலைக்குக்கூட ஒரு முறைதான் அந்தக் கதி!

1968-ஆம் வருஷத்து சிவில் டிபன்ஸ் சட்டத்தின் 6-வது பிரிவைப் பாருங்கள். அதன் முதல் உட்பிரிவு: கடமையைச் சரிவரச் செய்யாதவரை, ஒழுங்கீனம் செய்தவரை நீக்கலாம், ஆனால் குற்றச்சாட்டைத் தெரிவித்து, விசாரித்து, அவர் பதிலைக் கேட்ட பிறகே. இதை நாம் எதிர்க்கவில்லை. பெண் பயணியிடம் வாலாட்டும் தொண்டன் நமக்கும் வேண்டாம்.

இரண்டாம் உட்பிரிவுதான் விஷம். ஒருவர் நீடிப்பது விரும்பத்தக்கதல்ல என்று கண்ட்ரோலர் கருதினால் போதும். காரணம் சொல்லாமலே உடனடியாக நீக்கலாம். 7-வது பிரிவில் மேல்முறையீடு உண்டு. சொல்லாத காரணத்துக்கு என்ன பதில் எழுதுவது?

ரயில்வேக்காரர்களாகிய நமக்கு இந்தக் கத்தி புதிதல்ல. 1974 மே வேலைநிறுத்தத்தின்போது, 14-வது விதியின் இரண்டாம் பிரிவைக் காட்டி, விசாரணையே இல்லாமல் தொழிலாளர்களை நீக்கினார்கள். அந்தக் கொடிய விதிகூட, விசாரணை ஏன் நடத்த இயலவில்லை என்பதை எழுத்தில் பதியச் சொல்கிறது. தொண்டனுக்கு அந்த ஒரு வரியும் கிடையாது!

சேவை என்ற பெயருக்கு மயங்கி நம் பிள்ளைகளும் இந்த வரிசையில் நிற்கிறார்கள். சேவை செய்ய வந்தவனுக்கு மானம் இல்லையா, வயிறு இல்லையா?

நாம் கேட்பது மூன்றே: இரண்டாம் உட்பிரிவை ரத்து செய். காரணத்தை எழுத்தில் கொடு. வருஷக்கணக்கில் வேலை வாங்கியவனை அனுப்பும் முன் முன்னறிவிப்பும் மாற்று வேலையும் கொடு.

தாய்மார்களே, தோழர்களே! பிள்ளைகளின் நியமனக் கடிதம், டியூட்டிச் சீட்டு, வங்கிப் பாஸ்புத்தகம் எதையும் தூக்கி எறியாதீர்கள். நாளைக்கு அவைதான் நம் சாட்சி. அவற்றோடு சங்கத்துக்கு வாருங்கள். தனியே அழுதால் மனு. சேர்ந்து கேட்டால் உரிமை!