கடன் போன பி.டி. பீரியட்!

குட்டீஸ்... முதலில் ஒரு விடுகதை. டைம்டேபிளில் இருக்கும், மைதானத்தில் இருக்காது. மழை பெய்தால் காணாமல் போகும். பரீட்சை வந்தால் கரைந்தே போகும். அது என்ன?

சரியாகச் சொல்லிட்டீங்க... பி.டி. பீரியட்!

'போர்ஷன் முடியலை, இன்னிக்கு ஒரு நாள் மட்டும்...' என்று கணக்கு டீச்சரோ, சயின்ஸ் சாரோ கேட்டால் போதும். பி.டி. பீரியட் கடனாகப் போய்விடும். கடன் என்றால் திரும்பி வர வேண்டும் இல்லையா? உங்கள் வகுப்பில் ஒரு முறையாவது திரும்பி வந்திருக்கிறதா? வந்திருந்தால் கையைத் தூக்குங்கள் பார்க்கலாம்!

இதைப் பற்றித்தான் இந்த வாரம் பேசப் போகிறோம்.

திருவண்ணாமலை மாவட்டத்தில், வந்தவாசி பக்கம் இருக்கிறது தெள்ளார். 9ம் நூற்றாண்டில், பல்லவ மன்னன் மூன்றாம் நந்திவர்மன், பாண்டியர் படையை வென்ற ஊர் இது. பட்டுச் சேலைக்குப் பெயர் போன ஆரணியும் இதே மாவட்டம்தான். இந்த மாதிரி ஊர்ப் பள்ளிகளில், விளையாட்டுக்கு ஒரு வருஷம் எப்படிப் போகிறது?

ஜூனில் பள்ளி திறக்கும். கொஞ்ச நாளில் குறுவட்டப் போட்டி வந்துவிடும். அதில் ஜெயித்தவர்கள் மாவட்டப் போட்டிக்குப் போவர். அங்கேயும் ஜெயித்தால், மாநிலப் போட்டிக்கு! ஆகஸ்ட் 29, ஹாக்கி மாவீரர் தியான் சந்த் பிறந்த நாள். அன்று தேசிய விளையாட்டு தினம். அப்புறம் காலாண்டுப் பரீட்சை, மழை, அரையாண்டுப் பரீட்சை. அதெல்லாம் முடிந்து, ஆண்டு விளையாட்டு விழா. கலர் கொடி, மார்ச் பாஸ்ட், கோப்பை, போட்டோ! மார்ச் பிறந்தால் மைதானத்துக்கே லீவு.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், ஒரு சின்னக் கூட்டல் போடுங்கள். களத்தில் இறங்குவது கபடிக்கு 7 பேர், வாலிபாலுக்கு 6 பேர், கோ-கோவுக்கு 9 பேர். மொத்தம் 22. பள்ளியில் 500 பேர் படிப்பதாக வைத்துக் கொள்வோம். மீதி 478 பேர் என்ன செய்கின்றனர்? சுற்றி நின்று கை தட்டுகின்றனர்! நண்பனுக்குக் கை தட்டுவது நல்ல குணம்தான். ஆனால், கை தட்டினால் கால் பலப்படாதே!

தறி இருக்கிற வீட்டுப் பிள்ளைகளுக்கு நான் சொல்லப் போவது சட்டென்று புரியும். பட்டுச் சேலையில் எல்லார் கண்ணிலும் படுவது ஜரிகை பார்டர். ஆனால், தறியில் முதலில் ஏறுவது பாவு. பாவு இல்லாமல், எவ்வளவு உசத்தி ஜரிகை வாங்கி வைத்தாலும் சேலை வராது. விளையாட்டு விழாவும், கோப்பையும் ஜரிகை மாதிரி. வாரா வாரம் வருகிற பி.டி. பீரியட்தான் பாவு. பாவை அறுத்துவிட்டு ஜரிகையைக் காட்டுவது சரியா? நீங்களே சொல்லுங்கள்.

இன்னொரு கணக்கு. ஐந்து முதல் 17 வயது வரை உள்ளவர்கள், சராசரியாக தினமும் 60 நிமிடமாவது, மூச்சு வாங்கும்படி ஓடியாட வேண்டும் என்கிறது, உலக சுகாதார நிறுவனம். அப்படியானால் வாரத்துக்கு 420 நிமிடம். பள்ளியில் வாரம் இரண்டு பி.டி. பீரியட், ஒவ்வொன்றும் 45 நிமிடம் என்றால் 90 நிமிடம்தான். தேவையில் கால் பங்குகூட இல்லை. அதையும் கடன் கொடுத்துவிட்டால்? 2016ம் ஆண்டு கணக்குப்படி, உலகம் முழுவதும் 11 முதல் 17 வயது வரை உள்ளவர்களில், 100க்கு 81 பேர் இந்த அளவுக்கு ஓடியாடவில்லையாம். நாம் அந்த 81ல் சேர வேண்டுமா?

'பத்தாம் வகுப்பு வந்தாச்சு, இப்ப விளையாட்டு எதற்கு?' என்று வீட்டில் கேட்பர். கேட்பதில் தப்பில்லை, மார்க்கும் வேண்டும்தான். கணக்கு டீச்சரும் நம் நல்லதுக்குத்தான் பீரியட் கேட்கிறார். ஆனால், ஓடியாடும் பிள்ளைகளுக்கு எலும்பும், இதயமும் பலமாவதோடு, படிப்பில் கவனமும் கூடுகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. நாள் முழுக்க பெஞ்சில் உட்கார்ந்து கொட்டாவி விடுவதைவிட, முக்கால் மணி நேரம் ஓடிவிட்டு வந்து கணக்குப் போடுவது மேல்.

பி.டி. சார் என்றால் விசில் ஊதுபவர் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். உடற்கல்வியும் படித்துத் தேற வேண்டிய ஒரு பாடம். ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர், 1920ம் ஆண்டிலேயே சென்னையில் ஒய்.எம்.சி.ஏ., உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். நூறு வருஷத்துக்கு மேலாக அங்கே ஆசிரியர்கள் பயிற்சி பெற்று வருகின்றனர்.

அப்படி ஓர் ஆசிரியரின் கண் பட்டால் என்ன நடக்கும் தெரியுமா? சேலம் மாவட்டம், பெரியவடகம்பட்டியைச் சேர்ந்த மாரியப்பன் தங்கவேலுவுக்கு, ஐந்து வயதில் பஸ் மோதி வலது கால் பாதிக்கப்பட்டது. 'உனக்கு எதுக்குப்பா விளையாட்டு, ஓரமா உட்காரு' என்று ஒதுக்கியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால், அவருடைய பள்ளி உடற்கல்வி ஆசிரியர், அவரை உயரம் தாண்டச் சொல்லி ஊக்கப்படுத்தினார். 2016ல் ரியோ பாராலிம்பிக்கில், 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார் மாரியப்பன்! பின், டோக்கியோவில் வெள்ளி, 2024ல் பாரிசில் வெண்கலம்.

அதனால்தான் சொல்கிறேன், பி.டி. பீரியட் டீமில் இருக்கிறவர்களுக்கு மட்டும் சொந்தமில்லை. குண்டாக இருக்கிறவனுக்கும் அதில் பங்கு உண்டு. மெதுவாக ஓடுகிறவளுக்கும் பங்கு உண்டு. வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து கதை பேசும் பெண் குட்டீஸ், உங்களையும்தான்! காஞ்சிபுரத்துத் துளசிமதி முருகேசன், பாரிஸ் பாராலிம்பிக் பாட்மின்டனில் வெள்ளி வாங்கியது, மரத்தடியில் உட்கார்ந்து இல்லை.

எல்லாரும் மெடல் வாங்கப் போவதில்லை, வாங்கவும் வேண்டாம். வியர்க்க விளையாடி, தோற்றாலும் சிரித்துக்கொண்டு வீட்டுக்குப் போனால் போதும்.

சரி, நாம் என்ன செய்யலாம்?

* வகுப்பு லீடர் ஒரு 'கடன் நோட்டு' போடட்டும். பி.டி. பீரியட் எந்தத் தேதியில், எந்தப் பாடத்துக்குப் போனது என்று எழுதுங்கள். 'டீச்சர், எங்க பீரியடை எப்போ திருப்பித் தருவீங்க?' என்று மரியாதையாகக் கேளுங்கள். சண்டை போடக் கூடாது, சரியா?

* டீம் பிரிக்கும்போது, எப்போதும் கடைசியாகக் கூப்பிடப்படுபவரை முதலில் கூப்பிடுங்கள்.

* மழை பெய்தால், வராண்டாவில் ஸ்கிப்பிங், வகுப்பில் செஸ். பீரியட் வீணாகக் கூடாது.

* நின்ற இடத்தில் இருந்து எவ்வளவு தூரம் தாண்டுகிறீர்கள் என்று, ஜூன், டிசம்பர், மார்ச் மாதங்களில் டேப் வைத்து அளந்து எழுதுங்கள். போட்டி பக்கத்துப் பையனோடு இல்லை. ஜூன் மாதத்து உங்களோடுதான்!

பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2018ல் தொடங்கிய சமக்ர சிக்ஷா திட்டத்தில், அரசுப் பள்ளிகள் விளையாட்டுச் சாமான் வாங்க, பள்ளியின் நிலையைப் பொறுத்து ஆண்டுக்கு 5,000 முதல் 25,000 ரூபாய் வரை கொடுக்க வழி செய்யப்பட்டது. வாங்கிய பந்து பீரோவுக்குள் பூட்டிக் கிடந்தால் யாருக்கு லாபம்? அது மண்ணில் உருண்டு, நூல் பிய்ந்து, தேய்ந்து போகட்டும். அதுதான் அந்தப் பந்துக்கு மரியாதை.

என்ன குட்டீஸ், திங்கட்கிழமையே கடன் நோட்டைத் தொடங்கிவிடுவீர்கள்தானே?