கோட்டும் கொட்டும் மந்திரிமனையும்

வைகாசி முகூர்த்தம் பிறந்துவிட்டால் சுன்னாகத்துக் கலியாண மண்டபங்களைப் பார்க்க வேண்டும்! காலையில் வேட்டியும் தலைப்பாகையுமாகத் தாலி கட்டிய மாப்பிள்ளை, மாலையில் தடித்த கோட்டும் கழுத்துப்பட்டியும் மாட்டி வியர்வையில் நனைகிறார். இரவில் ‘டீ.ஜே.’ பெட்டிகள் முழங்குகின்றன. விடியற்புறம் எழுந்து வெங்காயத்துக்கு நீர் இறைக்கவேண்டிய கமக்காரன் கண்மூடாது கிடக்கிறான்.

1927 நவம்பரில் காந்தியடிகள் மருதனார்மடம் இராமநாதன் கல்லூரியிலே அரையாடையுடன் நின்று பேசினார். அவரை யாழ்ப்பாணத்துக்கு அழைத்த வாலிப காங்கிரசார் தேசிய உடையை வற்புறுத்தியவர்கள். அவர்கள் கழற்றச் சொன்ன கோட்டைப் பேரர்கள் வாடகைக்கு எடுத்து மாட்டுகிறார்கள். மாட்டட்டும்! உடுப்பு அவரவர் விருப்பம். நமது வழக்கு வேறு.

கோட்டணிந்தவருக்குப் படம் பிடிக்கப் பழங்காலப் பின்னணி வேண்டும். ஆகவே வாகனங்கள் யாழ்ப்பாணக் கோட்டைக்கும் நல்லூர் மந்திரிமனைக்கும் விரைகின்றன. அந்த மந்திரிமனையின் ஒரு பகுதி 2025 செப்டெம்பர் மழையில் இடிந்து வீழ்ந்தது. ஒருநாள் மழையா அதை வீழ்த்தியது? சுண்ணாம்புச் சாந்தினாற் கட்டிய சுவர் கூரை காக்கும்வரையே நிற்கும். கூரை ஒழுகினால் நீர் இறங்கிச் சாந்து கரையும். வெடிப்பில் ஆலும் அரசும் வேரோடும். சீமெந்தைப் பூசி மறைத்தாலோ ஈரம் உள்ளேயே தங்கிச் சுவரை அரிக்கும். ஆண்டுதோறும் செடி பிடுங்கவும் ஓடு மாற்றவும் சாந்து அடைக்கவும் ஆளில்லாமற்போனதே கேடு.

மின்னிசை நடனத்தையும் பழிக்கமாட்டோம். பேர்லினிலே கைவிடப்பட்ட பழைய மின்னிலையமொன்றை நடனக் கூடமாக்கினார்கள்; ஆட்டம் கட்டடத்தை வாழவைத்தது. (மின்னிலையம் என்றதும் நம்மூராருக்குக் கிணற்றில் கலந்த எண்ணெயே நினைவுக்கு வரும், அது தனிக் கதை.) அங்கே ஆடுகிறவன் கொடுக்கும் காசு சுவருக்கும் சேர்கிறது. இங்கோ சுவர் படத்துக்கு மட்டும் உதவுகிறது.

தொல்பொருள் திணைக்களம் பார்த்துக்கொள்ளும் என்பார்கள் சிலர். 1890இல் தோன்றிய அத்திணைக்களத்தின் பலகை ஊரில் முளைத்தால் காணி போய்விடுமோ என்று தமிழ்க் கமக்காரன் அஞ்சுகிறான். அந்த அச்சத்துக்குக் காரணமில்லை என்று நாம் கூறோம். ஆனால் அச்சம் ஓட்டை அடைக்காது. தேசிய முக்கியத்துவம் பெற்றதாகப் பிரகடனப்படுத்தப்படாத பழஞ்சின்னங்களை 1987ஆம் ஆண்டுப் பதின்மூன்றாம் திருத்தம் மாகாண சபைக்கு விட்டது. வட மாகாண சபையோ 2018 ஒக்ரோபரில் காலாவதியாகி, பல்லாண்டு உறுப்பினரின்றிக் கிடந்தது. உரிமை கேட்டு மேடையேறும் நமது தலைவர்கள், கையிலிருந்த இவ்வுரிமையைக் கொண்டு எத்தனை கூரை வேய்ந்தார்கள்?

உள்ளூராட்சி மன்றங்களை ஒன்று கேட்கிறோம். மண்டபத்து இசைப்பெட்டிக்கும் பழங்கட்டடத்துப் படப்பிடிப்புக்கும் சிறு கட்டணம் விதியுங்கள். அதைப் பொதுக் கணக்கில் கரைக்காமல் தனியே வைத்து, எல்லைக்குட்பட்ட மடங்களுக்கும் கேணிகளுக்கும் பழைய மனைகளுக்கும் செலவிடுங்கள். கணக்கை வாசலில் ஒட்டுங்கள். சுண்ணாம்பு வேலை தெரிந்த முதிய மேசன்மார் உயிரோடிருக்கும்போதே இளைஞர் சிலரை அவர்களிடம் பழக விடுங்கள். பொறியியலாளர்களும் வழக்கறிஞர்களும் கட்டட அளவையும் உறுதிப் பத்திரச் சிக்கலையும் கூலியின்றிக் கவனிக்க முன்வரட்டும். இவற்றை ஐப்பசி மாரிக்கு முன் தொடங்கவேண்டும்.