மூன்று மடி மாறிய பை



சென்ற மாதம் ஒரு சகோதரி கடிதம் எழுதியிருந்தார். கிழக்கிலே ஒரு கிராமத்தில் பிறந்து வளர்ந்தவர். கணவரின் தொழில் காரணமாகக் கொழும்புக்கு வந்து, வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியின் ஐந்தாம் மாடியில் குடியிருக்கிறார். காலை ஏழு மணிக்குக் கணவரும் பிள்ளைகளும் வெளியேறினால், பின்னேரம் இரண்டு மணி வரை சுவர்தான் துணையாம். "ஊரில் வேலிக்கு மேலால் பத்துப் பேரோடு கதைத்தவள் நான். இங்கே எதிர்வீட்டுக் கதவின் இலக்கம் மட்டும்தான் தெரியும். இந்தப் பட்டணத்தில் எப்படித்தான் காலம் கழிக்கிறீர்கள்?" என்று கேட்டிருக்கிறார்.

சகோதரி, நானும் மாவனல்லைப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள்தான். ஆரம்பத்தில் நானும் தலையணையோடு அழுதிருக்கிறேன். உண்மையைச் சொன்னால், இந்த ஊரைப் பார்க்க எனக்குச் சொல்லித் தந்தது எங்கள் மாமி. கண்ணில் வெள்ளை படர்ந்து சத்திரசிகிச்சைக்காக வந்தவர், மூன்று மாதம் எங்களோடு தங்கினார். கண் தெளிந்ததும் பல்கனியில் கதிரையைப் போட்டு உட்கார்ந்தவர்தான். சமையலுக்கு மட்டும் உள்ளே வருவார்.

மாமியின் முதல் சிநேகிதன் சூன் பாண்காரன். உங்கள் வீதிக்கும் வருவானே, கண்ணாடிப் பெட்டி பூட்டிய முச்சக்கர வண்டியில், அதே பாட்டைப் போட்டுக்கொண்டு! அது பீத்தோவன் என்ற ஜெர்மானிய இசைமேதை 1810இல் எழுதிய பியானோ இசை. அவர் உயிரோடிருந்த காலத்தில் அது அச்சேறவே இல்லை. எலிஸா என்ற பெண்ணுக்காக எழுதியதாகப் பெயர். அந்த எலிஸா யாரென்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். இதை என் மகன் பாட்டியிடம் சொன்னபோது மாமி சற்றும் யோசிக்கவில்லை. "பாண் வாங்க வந்த புள்ளயா ஈக்கும்" என்றார்.

மூன்றாம் மாடியிலிருந்து இறங்கி ஏற மாமிக்கு முடியாது. ஆகவே கயிற்றில் ஒரு பன்பையைக் கட்டிக் கீழே விடுவார். காசு இறங்கும், பாண் ஏறும். ஒருநாள் எங்கள் கயிறும் இரண்டாம் மாடி வீட்டாரின் கயிறும் காற்றில் சிக்கிக்கொண்டன. எங்கள் பாண் அவர்களின் பல்கனியில் தொங்குகிறது. அவர்களின் பணிஸ் நடுவானில். அவிழ்ப்பதற்காக அந்த வீட்டுப் பெண் முதன்முறையாக எங்கள் கதவைத் தட்டினார். நான்கு வருடமாக மாடிப்படியில் தலையை மட்டும் ஆட்டிய வீடு அது. அன்று ஆளுக்குப் பாதியாகக் கிம்புலா பணிஸைப் பங்கிட்டுப் பிளேன்டீ குடித்தோம். இன்றைக்கும் என் வீட்டுத் திறப்பு ஒன்று அவரிடம்தான் இருக்கிறது. 2022இல் பெற்றோல் இல்லாமல் பாண் வண்டி வராமற்போன நாட்களில், அந்தப் பாட்டில்லாமல் வீதியே மையித்து வீடு போலக் கிடந்ததாக நாங்கள் இருவரும் பேசிக்கொண்டோம்.

பல்கனி போதாதென்றால் பஸ்ஸில் ஏறுங்கள். காலிவீதியில் நூறும் நூற்றொன்றும் ஓயாமல் ஓடுகின்றன. இருக்க இடம் கிடைக்காதுதான். ஆனால் நம் நாட்டுப் பஸ்ஸில் ஓர் அழகான பழக்கம் உண்டு, கவனித்திருப்பீர்கள். நிற்பவரின் பையை இருப்பவர் வாங்கித் தம் மடியில் வைத்துக்கொள்வார். பேர் கேட்பதில்லை, ஊர் கேட்பதில்லை. கையை நீட்டினால் போதும்.

அந்தப் பழக்கத்தின் பெறுமதி எனக்கு 2019இல்தான் விளங்கியது. அந்த ஏப்ரலில் தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் அத்தனை உயிர்கள் பறிபோன துயரம் ஒருபுறம். அபாயாவோடு வெளியே இறங்கினால் நம்மேல் விழுந்த பார்வை மறுபுறம். கையில் பை இருப்பதே குற்றம்போலத் தோன்றிய காலம் அது. நான் பல வாரங்கள் வெளியே இறங்கவில்லை. பிறகு வேறு வழியின்றி ஏறியபோதும் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டே நிற்பேன். யாரும் அதைக் கேட்கவில்லை, நானும் நீட்டவில்லை. ஒருநாள் எனக்குப் பக்கத்தில் இருந்தவள் எழுந்து வேறிடம் போனாள். அவளைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்து சோறு இறங்கவில்லை.

சில மாதங்கள் கழித்து, பம்பலப்பிட்டியில் மரக்கறி வாங்கிக்கொண்டு புறக்கோட்டைப் பஸ்ஸில் ஏறினேன். சரியான சனம். சேலை உடுத்த வயதான சிங்களத் தாய் ஒருவர் என்னை அண்ணாந்து பார்த்தார். "பேக் எக தென்ன, துவே" என்றார். பையைத் தா மகளே என்கிறார்! நான் விளங்காதவள்போல நின்றேன். அவரே எட்டி இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். பைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த முருங்கைக்காய் பஸ் குலுங்கும்போதெல்லாம் அவர் நாடியில் குத்தியது. அவர் அதை ஒதுக்கி ஒதுக்கிச் சிரித்தார். கொள்ளுப்பிட்டியில் இறங்கும்போது பையை என்னிடம் தரவில்லை. பக்கத்தில் இருந்த பள்ளிக்கூடப் பிள்ளையின் மடியில் வைத்துவிட்டுப் போனார். அந்தப் பிள்ளை இறங்கும்போது இன்னொருவரிடம் கொடுத்தாள். நான் இறங்குவதற்குள் என் முருங்கைக்காய் மூன்று மடி மாறிவிட்டது. முகத்திரைக்குள் நான் அழுததாகச் சொல்ல முடியாது. அந்த வருடம் முகத்தை மூடத் தடை இருந்தது. எல்லோருக்கும் தெரியத்தான் அழுதேன்.

ரயிலும் நல்லது. பத்து மணிக்குப் பிறகு சனம் குறையும். வெள்ளவத்தையில் ஏறிக் கோட்டைக்குப் போகும்போது இடதுபக்க ஜன்னலைப் பிடித்துக்கொள்ளுங்கள், கடல் கூடவே வரும்.

காலிமுகத்திடலுக்குப் போயிருப்பீர்கள். இஸ்ஸோ வடை தின்றிருப்பீர்கள். (விலையை முதலில் கேளுங்கள், தின்ற பிறகு கேட்டால் கடற்காற்றுக்கும் சேர்த்துப் பணம் எடுப்பார்கள்.) ஆனால் அங்கே ஒரு நினைவுக்கல் இருப்பதைக் கண்டீர்களா? அந்தக் கடலோர நடைபாதையை ஆளுநர் சேர் ஹென்றி வோர்ட் 1856இல் தொடங்கினார்; 1859இல் அது முடிந்தது. கொழும்பின் பெண்களினதும் குழந்தைகளினதும் நலன் கருதி, தமக்குப் பின் வருபவர்கள் இதைப் பேணவேண்டும் என்று அந்தக் கல் கேட்டுக்கொள்கிறது. அவர் மனதில் இருந்தது குதிரை வண்டியில் காற்று வாங்கிய வெள்ளைக்காரச் சீமாட்டிகளாக இருக்கலாம். இருக்கட்டுமே! கல்லில் நிறம் எழுதப்படவில்லை. அவருடைய மனைவியும் சும்மா இருக்கவில்லை. கோட்டையில் சதாம் வீதிச் சந்தியில் நிற்கும் மணிக்கூட்டுக் கோபுரம் அந்த அம்மையார் வரைந்த வடிவம்தான். 1857இல் கட்டப்பட்டு, பின்னர் 1952 வரை கப்பல்களுக்கு வெளிச்சவீடாகவும் நின்றது. அதன் கீழால் எத்தனை தடவை மருந்துத் துண்டும் கையுமாக ஓடியிருக்கிறேன்! ஒருநாளாவது அண்ணாந்து பார்க்கவில்லை.

மாமி பார்த்தார். ஊருக்குப் போவதற்கு முந்திய அஸர் வேளையில் திடலுக்குக் கூட்டிப்போனோம். பட்டம் விடும் பிள்ளைகளையும், குடைக்குள் மறைந்த காதலர்களையும், அலைக்குப் பயந்து அலறும் கிழவர்களையும் பார்த்துவிட்டு, "காசு கேக்காம இவ்வளவத்தையும் காட்டுறானுகளே, மகள்!" என்றார்.

வெள்ளவத்தைச் சகோதரி, ஒரு கிழமை நாளில் நாலரைக்குப் போனால் மஃரிபுக்கு முன் வீடு திரும்பலாம். அந்தக் கல்லைத் தேடிக் கண்டுபிடித்து எனக்கு எழுதுங்கள். போகும்போது பஸ்ஸில் இருக்க இடம் கிடைத்தால் நிற்பவளின் பையைக் கேட்டு வாங்குங்கள். முருங்கைக்காய் இருந்தால் நாடி கவனம்.

அடுத்த மாதம் சந்திப்போம். வஸ்ஸலாம்.