விட்டுப்போன ஒரு சொல்

மொழிபெயர்ப்பில் செய்யும் தவறுக்கு வழக்கமாக வாசகர் கடிதத்தில்தான் தண்டனை கிடைக்கும். என் தவறு ஒன்றுக்கான தண்டனையைப் புனேயில் ஒரு பிராணி இரண்டரை ஆண்டுகள் அனுபவித்தது. அதற்குக் கடிதம் எழுதத் தெரியாது.

அக்கா மகன் கல்லூரியில் கடைசி ஆண்டு படித்தபோது வாங்கிய பிராணி அது. ஆங்கிலத்தில் 'பியர்டட் டிராகன்'. பெயரைக் கேட்டால் நெருப்பு கக்கும் போலிருக்கிறது. நேரில் பார்த்தால் ஓணான். உறவுமுறையும் அதுதான். நம் ஊர் வேலியில் தலையாட்டும் ஓணானும், ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்பகுதியில் வாழும் இதுவும் ஒரே குடும்பம். கோபம் வந்தால் கழுத்தடியில் முள் முள்ளாக இருக்கும் தோல் உப்பிக் கறுத்துவிடும். அதனால் தாடி. 'தாடி ஓணான்' என்று நான் பெயர் வைத்தேன். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டவன் கதை தெரியுமா என்று அம்மா பேரனைக் கேட்டார். அவன் சிரித்தான்.

ஆஸ்திரேலியா தன் நாட்டு ஊர்வனவற்றை வணிகத்துக்காக உயிருடன் வெளியே அனுப்புவதை 1960-களிலேயே நிறுத்திவிட்டது. உலகெங்கும் வீடுகளில் வளர்பவை பெரும்பாலும் கூண்டிலேயே முட்டையிட்டு, கூண்டிலேயே பொரிந்த பரம்பரை. எதை, எப்போது, எவ்வளவு தின்பது என்பதைக் காட்டில் இருந்தால் மழையும் வெயிலும் தீர்மானிக்கும். கூண்டில் அதைத் தீர்மானிப்பது ஒரு தாள்.

அந்தத் தாள்தான் என்னிடம் வந்தது. 2022-ல் மருமகனுக்கு ஹைதராபாத்தில் வேலை கிடைத்தது. அக்கா காலை எட்டு மணிக்கு வங்கிக்குக் கிளம்பிவிடுவார். வீட்டில் இருப்பது அம்மா மட்டும். வயது எழுபத்து நான்கு. மராத்தி பேசுவார், ஆனால் படிப்பது தமிழ் மட்டுமே. "மாமா, இதைத் தமிழில் எழுதிக் கொடுங்க. பாட்டிக்காக ஃபிரிட்ஜில் ஒட்டிட்டுப் போறேன்" என்று இரண்டு பக்கங்களை அனுப்பினான். முதல் பக்கம் குட்டிகளுக்கான உணவு. இரண்டாம் பக்கம் வளர்ந்தவற்றுக்கு. அப்போது அதற்கு நான்கு மாதம். முதல் பக்கத்தை மட்டும் மொழிபெயர்த்தேன். இரண்டாவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். 'குட்டிகளுக்கான உணவு முறை' என்ற தலைப்பையும் சுருக்கி 'உணவு முறை' ஆக்கினேன். வீட்டில் இருப்பது ஒரே ஒரு பிராணி. அம்மாவுக்கு எதற்கு அத்தனை சொல்?

விட்ட சொல்லுக்கு முன்னால் போட்ட சொல்லே பிரச்சினை செய்தது. 'கிரிக்கெட்' என்ற பூச்சிக்கு அகராதியில் இருந்த நல்ல தமிழ்ச் சொல்லை எழுதியிருந்தேன்: சுவர்க்கோழி. மறுநாளே தொலைபேசி வந்தது. "ஏண்டா, இந்த வீட்டில் கோழியெல்லாம் வாங்கிப் போடணுமா?" மூன்று தலைமுறையாகச் சைவம். ராத்திரியில் சுவர் இடுக்கில் கத்துமே, அந்தப் பூச்சிதான் என்று விளக்கிச் சமாதானம் செய்தேன்.

தாளில் இருந்தது இதுதான். குட்டியின் தீனியில் முக்கால் பங்கு பூச்சி, கால் பங்கு கீரை. முதல் சில மாதங்களில் நாளுக்கு இரண்டு மூன்று வேளை. ஒவ்வொரு வேளையும் பத்து நிமிடத்தில் எவ்வளவு தின்கிறதோ அவ்வளவு. பூச்சியின் அளவு ஓணானின் இரண்டு கண்களுக்கு இடையே உள்ள தூரத்தைத் தாண்டக் கூடாது. இவ்வளவு தீனி எதற்கு என்றால், முட்டையிலிருந்து வரும்போது சுமார் 10 செ.மீ. நீளமே இருக்கும் குட்டி, ஒன்று ஒன்றரை வருடத்துக்குள் கிட்டத்தட்ட அரை மீட்டர் ஆகிவிடுகிறது. அத்தனை எலும்பையும் தசையையும் அந்தப் பூச்சிகளிலிருந்துதான் கட்டியாக வேண்டும்.

பூச்சியில் ஒரு குறை உண்டு. உணவில் பாஸ்பரஸைப்போல இரண்டு மடங்கு கால்சியம் இருப்பது நல்லது. சுவர்க்கோழியிலோ பாஸ்பரஸ்தான் பல மடங்கு அதிகம். கால்சியம் போதாவிட்டால் உடம்பு அதைத் தன் எலும்பிலிருந்தே எடுக்கும். தாடை மெத்தென்று ஆகும், கால்கள் வளையும், உடம்பு உதறும். அதனால் பூச்சிகளை ஒரு டப்பாவில் போட்டு, கால்சியம் தூளைத் தூவிக் குலுக்கிக் கொடுக்க வேண்டும். பட்சணத்துக்குச் சர்க்கரை தூவுவதுபோல அம்மா அதைச் செய்தார். பூச்சிக்கும் முதல் நாளே கீரையும் கேரட்டும் போட வேண்டும். அது தின்றதுதானே ஓணானுக்குப் போகிறது. கூண்டில் 40 டிகிரி அளவுக்குச் சூடேறும் ஓரிடம் வேண்டும்; சூடு இல்லாவிட்டால் தின்றது செரிக்காது. புற ஊதாக் கதிர் விளக்கும் வேண்டும். அது இல்லாமல் டி வைட்டமின் உருவாகாது. டி இல்லாமல் கால்சியம் உடம்பில் சேராது. ஜன்னல் வழியாக வரும் வெயில் போதாதா என்று அம்மா கேட்டார். போதாது, அந்தக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும்.

பூச்சியைத் தொட மாட்டேன் என்றவர், ஒரு மாதத்தில் இடுக்கியால் எடுத்து ஊட்ட ஆரம்பித்தார். அவர் காலடிச் சத்தம் கேட்டால் அது கண்ணாடி ஓரமாக ஓடிவரும். கூரியரில் வரும் 'சூப்பர்வார்ம்' புழு என்றால் அதற்கு உயிர். ஒவ்வொரு வாரமும் தொலைபேசியில் அதன் சாப்பாட்டுக் கணக்கு எனக்கு வரும். "நீ எழுதிக் கொடுத்தபடிதான் கொடுக்கிறேன்" என்று முடிப்பார்.

2025 ஜனவரியில் புனேக்குப் போனேன். ஓணான் கூண்டில் தட்டையாகக் கிடந்தது. தலையின் பின்பக்கம் இரண்டு மேடுகள் புடைத்திருந்தன. வயிறு தரையில் பரவியிருந்தது. குளிருக்கு அப்படித்தான் இருக்கும் என்றார் அக்கா. அதுவும் பொய்யில்லை. வளர்ந்த தாடி ஓணான்கள் குளிர்காலத்தில் சில வாரங்கள் மந்தமாகி, தீனியைக் குறைத்துக்கொள்வது இயல்பு. ஆனால் இது தீனியைக் குறைக்கவில்லை.

ஊர்வனவற்றுக்கு வைத்தியம் பார்க்கும் மருத்துவரிடம் கொண்டுபோனோம். எடை 710 கிராம். இந்த நீளத்துக்கு 450, மிஞ்சினால் 500 இருக்கலாம் என்றார். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, எலும்புகள் அருமையாக இருக்கின்றன, யார் வளர்க்கிறார்கள் என்று கேட்டார். அம்மா கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு மருத்துவர், கல்லீரலில் கொழுப்பு சேர்ந்திருக்கிறது என்றார். என்ன கொடுக்கிறீர்கள்?

அம்மா பையிலிருந்து என் தாளை எடுத்தார். ஃபிரிட்ஜிலிருந்து கிழியாமல் உரித்து, நான்காக மடித்துக் கொண்டுவந்திருந்தார். அக்கா அதை வரி வரியாக மராத்தியில் சொன்னார். மருத்துவர் முழுவதும் கேட்டுவிட்டு, "எல்லாம் சரிதான். ஆனால் இது குட்டிக்கான பட்டியல். இதற்கு இரண்டே முக்கால் வயது ஆகிறதே" என்றார்.

அம்மா தாளைத் திருப்பி வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "இதில் அப்படிப் போடலையே" என்றார். என்னைப் பார்க்கவில்லை.

நான் மொழிபெயர்க்காத இரண்டாம் பக்கத்தில் இருந்தது எல்லாம் தலைகீழ். ஐந்து மாதம் ஆனதும் பூச்சி நாளுக்கு ஒன்று அல்லது இரண்டு வேளையாகக் குறைய வேண்டும். ஒரு வயதிலிருந்து ஒன்றரை வயதுக்குள் விகிதமே மாற வேண்டும்: கீரையும் காயும் முக்கால் பங்கு, பூச்சி கால் பங்கு. கீரை தினமும், பூச்சி வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாள், அதுவும் எண்ணி. உடம்பு கட்டி முடிந்த பிறகும் கட்டுமானச் சாமான் வந்து இறங்கிக்கொண்டே இருந்தால் அது கொழுப்பாகச் சேரும். சூப்பர்வார்ம் போன்ற கொழுத்த புழுக்கள் எப்போதாவது தரும் தின்பண்டம், சாப்பாடு அல்ல. சைவ வீட்டுக்கு வந்த பிராணி வளர வளர முக்கால் சைவமாக வேண்டியது. அதை நாங்களே தடுத்திருக்கிறோம்.

மாற்றுவது எளிதாக இல்லை. ஒரேயடியாகப் பட்டினி போட்டால் கொழுத்த கல்லீரல் இன்னும் கெடும். படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும் என்றார் மருத்துவர். காலையில் விளக்கு போட்டு உடம்பு சூடேறியதும் கீரை. பூச்சி உள்ள நாளில் அது மாலையில் மட்டும். எந்தக் கீரை என்பதிலும் கவனம் வேண்டும். பாலக்கில் உள்ள ஆக்சலேட் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். லெட்டூஸ் வெறும் தண்ணீர். வெங்காயம், பூண்டு, அவகாடோ கூடவே கூடாது. கடுகுக்கீரை, முருங்கைக்கீரை, துருவிய பூசணி, செம்பருத்திப் பூ நல்லது. 'ஷேவ்கா' என்று கேட்டு முருங்கையைத் தேடி அம்மா மார்க்கெட் முழுக்க அலைந்தார். மூன்று வாரம் அது கீரைத் தட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர் காலடி கேட்டு ஓடிவரும். இடுக்கியில் புழு இல்லை என்றதும் அப்படியே நிற்கும். "பார்த்துக்கொண்டே நிற்கிறதுடா" என்று தொலைபேசியில் சொன்னார். நான்காவது வாரம் செம்பருத்தி இதழைக் கடித்தது. அதன் பிறகு இதழில் சுற்றி முருங்கை போனது.

ஒரு விஷயத்தில் அம்மா சொன்னதே சரி. அந்த ஜூன் மாதம் முதல் மழைக்கு விளக்கைச் சுற்றி ஈசல் மொய்த்தபோது, இதைக் கொடுக்கலாமா என்று கேட்டார். தாளில் இல்லை, வேண்டாம் என்றேன். பிறகு படித்தேன்: ஆஸ்திரேலியாவில் சுதந்திரமாகத் திரியும் தாடி ஓணான்கள் தின்றவற்றைப் பரிசோதித்து 2015-ல் வெளியான ஆய்வில், மிக அதிகமாக அகப்பட்ட இரை ஈசல்தான். அங்கே அது மழைக்குப் பிறகு வரும் விருந்து; அடுத்த மழைவரை கிடைத்ததைத் தின்று நடந்து திரிய வேண்டும். நாம் கண்ணாடிப் பெட்டிக்குள் தினமும் மழை பெய்ய வைத்தோம். அதற்காக வெளியே பிடித்த பூச்சியைத் தரலாம் என்பதில்லை. அதில் பூச்சிமருந்து இருக்கலாம். மின்மினி இன்னும் மோசம்: அமெரிக்காவில் வீட்டில் வளர்ந்த தாடி ஓணான்கள் மின்மினியைத் தின்று இறந்ததை 1999-ல் ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். அங்குள்ள மின்மினி ஒன்றே ஓர் ஓணானைக் கொல்லப் போதும்.

இப்போது எடை 540 கிராம். நல்ல பராமரிப்பில் இது பத்து வருடத்துக்கு மேலும் வாழக்கூடியது. புதிய தாளை நானே கொண்டுபோய் ஒட்டினேன். இரண்டு பக்கமும், மாதக் கணக்குகளும், தலைப்பின் எல்லாச் சொற்களும் இருந்தன.

போன முறை போனபோது பார்த்தேன். தாளின் அடியில் அம்மா பென்சிலால் எழுதியிருந்தார்: 'அடுத்து எப்போது மாறும்? கேட்கவும்.'