கிணறு திறந்திருக்கிறது, துலாக்கொடி யார் கையில்?

‘திறந்த’ என்ற அடைமொழிக்குக் கணினி உலகில் இன்று நல்ல விலை இருக்கிறது. திறந்த மென்பொருள், திறந்த வன்பொருள், திறந்த செயற்கை அறிவு என்று விளம்பரங்கள் வரிசைகட்டி நிற்கின்றன. சோற்றுக் கடைக்காரர் ‘வீட்டுச் சாப்பாடு’ என்று பலகை மாட்டுவது போல இச்சொல்லும் ஒரு பலகையாகிவிட்டது. பலகையை நம்பி உள்ளே போகிறவன் இலையில் என்ன விழுகிறது என்று கேட்கக் கூடாதா?

யாழ்ப்பாணத்தில் பொதுக்கிணறு என்று பெயர்பெற்றிருந்த கிணறுகள் பலவற்றில் ஒரு சாரார் தண்ணீர் அள்ள முடியாதிருந்த வரலாற்றை நாம் அறிவோம். கிணற்றுக்கு மூடி இல்லை. தண்ணீருக்கும் பஞ்சமில்லை. துலாக்கொடியைத் தொடும் உரிமைதான் இல்லை. வேறொருவர் இரங்கி அள்ளி ஊற்றும்வரை காத்து நிற்க வேண்டும். அந்தக் கொடுமையோடு கணினி விவகாரத்தைச் சமமாக வைத்து எடைபோட நான் வரவில்லை. ஆனால், மூடி இல்லாதிருப்பது வேறு, அள்ளும் உரிமை வேறு என்பதை உணர்த்த இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

இந்த இயக்கத்தின் தொடக்கமே அள்ளும் உரிமை பற்றியதுதான். 1980ஆம் ஆண்டளவில் மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஆய்வுகூடமொன்றுக்கு ஓர் அச்சுப்பொறி வந்து சேர்ந்தது. அங்கு பணியாற்றிய ரிச்சர்ட் ஸ்டோல்மன், பழைய பொறியில் தாள் சிக்கினால் உரியவருக்குக் கணினி வழியே செய்தி போகும்படி மென்பொருளைத் திருத்தி வைத்திருந்தார். புதிய பொறியில் அதைச் செய்ய முடியவில்லை. அதன் மூலநிரலைத் தர மறுத்துவிட்டார்கள். 1983இல் அவர் அறிவித்த ‘குனு’ திட்டத்தின் பின்னால் இத்தகைய அனுபவங்களே இருந்தன. எந்த நோக்கத்துக்கும் இயக்குவது, ஆராய்ந்து மாற்றுவது, பிரதி வழங்குவது, மாற்றியதைப் பகிர்வது என்று நான்கு சுதந்திரங்களை அவர் வகுத்தார். ‘சுதந்திரம்’ என்ற சொல் முதலாளிகளை மிரட்டுகிறது என்று கருதிய வேறு சிலர், 1998இல் ‘திறந்த மூலம்’ என்ற சாதுவான பெயரைக் கொண்டு வந்தார்கள். பெயர் சாதுவானதும் அதை யாரும் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொள்ளலாம் என்றாயிற்று.

இதன் விளைவுக்கு ஒரு சான்று ‘டிவோ’ என்ற தொலைக்காட்சிப் பதிவுப் பெட்டி. அது லினக்ஸில் இயங்கியது. உரிமம் கேட்டபடி மூலநிரலையும் அந்நிறுவனம் வெளியிட்டது. ஆனால் அந்த நிரலில் ஒரு வரியை மாற்றிப் பெட்டியில் ஏற்றினால் பெட்டி இயங்க மறுக்கும். நிறுவனத்தின் கையொப்பம் இல்லாத நிரலை நிராகரிக்கும்படி வன்பொருளிலேயே பூட்டுப் போட்டிருந்தார்கள். காசு கொடுத்து வாங்கியவர் நிரலை வாசிக்கலாம், திருத்தலாம், தன் பெட்டியில் மட்டும் ஓட்ட முடியாது. இப்பூட்டைத் தடுக்கவே 2007இல் குனு பொது உரிமத்தின் மூன்றாம் பதிப்பு வந்தது. லினக்ஸின் தந்தை லினஸ் டோர்வால்ட்ஸ் அதை ஏற்காமல் இரண்டாம் பதிப்போடு நின்றுகொண்டார். அவருக்கு அவருடைய நியாயம். ஆனால் பூட்டிய பெட்டிக்குள் இருக்கும் திறந்த நிரலால் பெட்டியின் சொந்தக்காரருக்கு என்ன பயன் என்ற கேள்விக்கு அந்த நியாயம் பதில் சொல்லவில்லை.

வன்பொருளின் கதை இதைவிடக் கசப்பானது. இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஏட்ரியன் போயர் 2005இல் ‘ரெப்ரப்’ என்ற முப்பரிமாண அச்சுப்பொறித் திட்டத்தைத் தொடங்கினார். தன் உறுப்புகளில் பலவற்றைத் தானே அச்சிட வல்ல அந்தப் பொறியின் வரைபடங்களை உலகுக்கே கொடுத்தார். பல நாட்டு ஆர்வலர்கள் ஊதியமின்றி அதை மேம்படுத்தினார்கள். அந்த விளைநிலத்தில் முளைத்ததுதான் 2009இல் நியூயோர்க்கில் தோன்றிய ‘மேக்கர்பொட்’ நிறுவனம். முதற்பொறிகளின் வடிவமைப்புகளை அதுவும் திறந்தே வைத்தது. 2012இல் ‘ரெப்ளிகேட்டர் 2’ வந்தபோது கதவு சாத்தப்பட்டது. அந்நிறுவனத்தை நிறுவிய மூவரில் ஒருவரும், அதற்குள் வெளியேறிவிட்டவருமான சாக் ஸ்மித் இதைப் பகிரங்கமாகக் கண்டித்தார். அடுத்த ஆண்டிலேயே 400 மில்லியன் டொலருக்கு மேற்பட்ட பெறுமதியான பங்குகளைக் கொடுத்து ஸ்ட்ரட்டாசிஸ் அதை வாங்கிக்கொண்டது. இந்த அச்சு முறைக்கான மூலக் காப்புரிமையை 2009வரை தன் பெட்டகத்தில் வைத்திருந்ததும் இதே ஸ்ட்ரட்டாசிஸ்தான். ஊர் கூடி மீட்ட காணி பழைய உறுதிக்காரரிடமே போய்ச் சேர்ந்தது!

“அவர்களும் பிழைக்க வேண்டாமா? பிரதி எடுத்து மலிவாக விற்கிறவனோடு எப்படிப் போட்டியிடுவது?” என்று கேட்பார்கள். அற்பமான கேள்வி அல்ல இது. ரெப்ரப் வழிவந்து, தன் வடிவமைப்புகளைப் பல ஆண்டுகள் திறந்தே வைத்திருந்த செக் நாட்டு ஜோசப் புரூசாவே, 2023இல் திறந்த உரிமங்கள் தம்மைப் போன்ற உற்பத்தியாளரைப் பாதுகாக்கவில்லை என்று எழுதிப் புதிய உரிமம் பற்றி விவாதிக்க அழைத்தார். அவருடைய இடர்ப்பாடு மெய்யானது. ஆயினும் வியாபாரம் செய்வதை எவரும் குறை கூறவில்லை. மூடிய பொருளை மூடியது என்று சொல்லி விற்பவரோடு எமக்கு வழக்கில்லை. ஊராரின் உழைப்பையும் நம்பிக்கையையும் ‘திறந்த’ என்ற பெயரால் திரட்டிவிட்டு, கல்லாப்பெட்டி நிறையும் நேரத்தில் படலையை இழுத்துப் பூட்டுவதுதான் வழக்கு.

படலையைப் பூட்டினாலும் வெளியே எடுத்துச் சென்றதை மீளப் பறிக்க முடியாது என்பதே மெய்யான திறந்த உரிமத்தின் வலிமை. ‘ரெடிஸ்’ என்ற தரவுத்தள மென்பொருள் 2024 மார்ச்சில் தன் தாராள உரிமத்தைக் கைவிட்டது. பெரும் நிறுவனங்கள் அதை வாடகைக்கு விட்டுக் காசு பார்க்கின்றன, திருப்பித் தருவதில்லை என்பது முறைப்பாடு. அதே மாதத்தில் பழைய நிரலை எடுத்துக்கொண்டு ‘வால்கீ’ என்ற புதிய கிளை புறப்பட்டது. 2025 மே மாதத்தில் ரெடிஸ் மீண்டும் ஒரு திறந்த உரிமத்துக்குத் திரும்பியது. அக்கிளையின் பின்னால் அமேசனும் கூகுளும் நின்றன என்பதையும் மறைக்கக் கூடாது. பிரிந்து செல்லும் உரிமை எல்லோருக்கும் உண்டு. அதைத் தாங்கும் வசதி எல்லோருக்கும் இல்லை.

இன்னொரு கேள்வியும் உண்டு: முடிவெடுப்பது யார்? 2025 மார்ச்சில் கூகுள் தன் அன்ட்ரொயிட் இயங்குதளத்தை உருவாக்கும் வேலை முழுவதையும் உள்வீட்டுக்குள் கொண்டு போவதாகவும், வேலை முடிந்த பின்னர் நிரலை வெளியிடுவதாகவும் அறிவித்தது. உரிமத்தின்படி அதில் தவறு காண முடியாது. பத்திரிகைத் தொழிலில் இருப்பவனுக்கு இது நன்கு விளங்கும். அச்சாகி வந்த பத்திரிகையை எவரும் வாசிக்கலாம். அதனால் ஆசிரியபீடத்தின் கதவு வாசகருக்குத் திறந்திருக்கிறது என்று யாராவது சொல்வார்களா?

மாற்று வழி கனவு அன்று. 2004 டிசம்பர் 26இல் கடல் எம் கரைகளை விழுங்கியபோது, இலங்கையின் கணினி வல்லுநர்கள் தொண்டர்களாகக் கூடி ‘சஹானா’ என்ற அனர்த்த முகாமைத்துவ மென்பொருளை உருவாக்கினார்கள். காணாமற் போனோர், முகாம்கள், நிவாரணத் தேவைகள் ஆகியவற்றைப் பதிவு செய்வதற்கானது அது. அதைத் திறந்த உரிமத்தில் வெளியிட்டதால், 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் 2010இல் ஹெயிட்டியிலும் அதைப் பயன்படுத்த முடிந்தது. எடுத்தவர் இலங்கையின் அனுமதிக்காகக் காத்து நிற்கவில்லை. தமக்கு வேண்டியபடி மாற்றிக்கொண்டார்கள். இடிபாடுகளுக்குள் உறவைத் தேடுகிறவனுக்கு வேண்டியது அத்தகைய திறப்புத்தான்.

ஆகவே ‘திறந்தது’ என்று எவர் வந்து சொன்னாலும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். நான் மாற்றியதை நான் வாங்கிய பொருளிலேயே ஓட்ட முடியுமா? நீங்கள் மனம் மாறினால், இதுவரை எல்லோரும் சேர்ந்து செய்ததை எடுத்துக்கொண்டு நாங்கள் போக முடியுமா? அடுத்து என்ன செய்வது என்று தீர்மானிக்கும் இடத்தில் உங்கள் சம்பளப் பட்டியலில் இல்லாத ஒருவராவது அமர்ந்திருக்கிறாரா? மூன்றுக்கும் ‘ஆம்’ என்றால் உங்கள் நேரத்தையும் உழைப்பையும் தாராளமாகக் கொடுங்கள். ‘இல்லை’ என்றால் அது வெறும் சரக்கு. பிடித்திருந்தால் காசு கொடுத்து வாங்குங்கள், இனாமாக வேலை செய்து கொடுக்காதீர்கள்.